மூன்றாவது கட்டுரை

ஜூலை 8, திங்கள்

இருபது வருடம் காவல் நிலையத்தின் நாட்குறிப்பை எழுதிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. அதனால் இந்த நோட்டு.

காலை 5.10க்கு எழுந்தது. இட்லி ஊற்றியது. மகள் ஜெனிட்டாவை ப்ளஸ் டூ ஸ்பெஷல் கிளாசுக்கு அனுப்பியது. 9.20க்குப் பல்கலைக்கழகம் வந்து சேர்ந்தது. முதுகலை உளவியல், முதலாமாண்டு, முதல் நாள். வகுப்பில் இருபத்தாறு பேர். அதில் நாற்பத்துமூன்று வயதுக்காரர் ஒருவர். உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் எழுந்து நின்று "குட் மார்னிங் மேம்" என்றார்கள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்து சிரித்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் பெயர் கோபிகா. வயது இருபத்தொன்று இருக்கும். பெயரைக் கேட்டாள். சகாயராணி என்று சொன்னதும், என்ன வேலை பார்த்தீர்கள் என்றாள். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு, விருப்ப ஓய்வு என்று சொன்னதும் அவள் கண் விரிந்தது. "ஏங்க்கா போலீஸ விட்டீங்க?"

முட்டிவலி என்று தெரிவிக்கப்பட்டது.

ஜூலை 19, வெள்ளி

சமூக உளவியல் பாடம் எடுப்பவர் டாக்டர் மெஹருன்னிசா. நம்மைவிடப் பத்து வயதாவது சின்னவர். பேசும்போது கையில் சாக்பீஸைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பருவத்துக்கு மூன்று கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் இருபத்தைந்து மதிப்பெண். மொத்தம் எழுபத்தைந்தில் முப்பத்தெட்டு எடுத்தால்தான் பரீட்சைக்கு உட்கார முடியும். தமிழிலும் எழுதலாம்.

முதல் தலைப்பு: நேரில் பார்த்த சாட்சியின் நினைவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சிரிப்பு வந்தது. நிலையத்தில் என் வேலைக்குப் பெயரே ரைட்டர். புகார், வாக்குமூலம், விசாரணைக் குறிப்பு எல்லாம் ரைட்டர் கை வழியாகத்தான் போகும். "சகாயம் எழுதினா கோர்ட்ல ஒரு கமாகூட ஆடாது" என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொல்வார். சாட்சியைப் பற்றி எழுதத் தெரியாதா?

ஜூலை 28, ஞாயிறு

மாதா கோவில் பூசைக்குப் போய் வந்து கறிக்குழம்பு வைத்துவிட்டு உட்கார்ந்தது. பதினோரு பக்கம் முடிந்தது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டபோது பக்கங்கள் புரட்டிக் காட்டப்பட்டன. "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எட்டு.

இருபத்தைந்துக்கு எட்டு. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் இரண்டு வரி: "இதில் எல்லோரும் பேசுகிறார்கள். எழுதியவரைக் காணோம்."

வகுப்பு முடிந்ததும் அவருடைய அறைக்குப் போனது.

"மேடம், எழுத்துப் பிழை ஏதும் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லைம்மா. இவ்வளவு சுத்தமா யாருமே எழுதல. ஆனா இதப் பாருங்க." பேனாவால் தொட்டுக்கொண்டே போனார். "கருதப்படுகிறது. தெரியவருகிறது. கண்டறியப்பட்டுள்ளது. யாரு கருதுறாங்க? யாருக்குத் தெரிய வருது?"

"புத்தகத்துல அப்படித்தான் மேடம் இருந்துச்சு."

"புத்தகத்துல இருக்கிறது எனக்கும் தெரியும். நான் உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதுக்கு உங்க பதில் என்ன? பதினோரு பக்கத்துல அது ஒரு இடத்துலகூட இல்ல."

பேருந்தில் வரும்போது எண்ணிப் பார்த்தது. "தெரியவருகிறது" மட்டும் இருபத்துமூன்று இடம்.

ஆகஸ்ட் 7, புதன்

எட்டு எடுத்ததை ஜெனிட்டாவிடம் சொல்லவில்லை. அவளே பையைத் திறந்து பார்த்துவிட்டாள். "பரவால்லம்மா, எனக்கும் கெமிஸ்ட்ரில எட்டு வந்திருக்கு" என்றாள். அது வேறு இன்று தெரியவந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

கேன்டீனில் கோபிகாவுக்கு இரண்டு சமோசா வாங்கிக் கொடுத்து, அவளுடைய கட்டுரையைக் காட்டச் சொன்னது. அவளுக்குப் பதினெட்டு மதிப்பெண். கையெழுத்து கோழி கிளறின மாதிரி.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க ஊர்ல இருக்கிற ஆராய்ச்சிக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிட்டீங்க. அப்புறம் நீங்க எந்திரிச்சு வெளிய போயிட்டீங்க."

"நான் என்ன சொல்றது, எனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுங்க. ஏன் தோணுதுன்னு சொல்லுங்க. அப்புறம் உங்கள மறுத்து ஒருத்தன் என்ன கேப்பான்னு யோசிச்சு, அதுக்கும் பதில் சொல்லுங்க. அவ்ளோதான்க்கா கட்டுரை."

அவ்வளவுதானாம்.

இன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு பத்தி பழகுவது என்று முடிவு. சோறு வடிப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எட்டாவது பத்தி. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியைவிடத் தக்காளிச் சட்னியே நல்லது என்பது தலைப்பு. எதிர்த்துக் கேட்கும் ஆளாக ஜெனிட்டா. "தக்காளிச் சட்னி ரெண்டு நாள் கெடாதுங்கிறது உனக்கு நல்லது. இட்லிக்கு என்னம்மா நல்லது?" என்றாள். அந்தப் பத்தியை அடித்துவிட்டு மறுபடியும் எழுதியது. சோறு குழைந்துவிட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

இரண்டாவது கட்டுரைக்குப் பதினொன்று. "எழுதியவர் வந்துவிட்டார், மகிழ்ச்சி. ஆனால் நீதிபதியாக வந்து தீர்ப்புச் சொல்கிறார். சான்று எங்கே?"

முதலில் ஆளைக் காணோம். இப்போது ஆள் மட்டும்தான் இருக்கிறதாம்.

எட்டும் பதினொன்றும் பத்தொன்பது. மூன்றாவதில் இன்னும் பத்தொன்பது எடுத்தாக வேண்டும். வகுப்பில் இதுவரை பத்தொன்பது எடுத்தவர் இரண்டே பேர். படிப்பை நிறுத்தலாமா என்று இவர் மெதுவாகக் கேட்டார். போனை வைத்துவிட்டு நூலகத்துக்குப் போனது. மூடும்வரை இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

பத்தி எண் முப்பத்துநான்கு. ஒரு கருத்து, இரண்டு சான்று, ஒரு மறுப்பு, அதற்குப் பதில். கோபிகா படித்துவிட்டு "சூப்பர்க்கா" என்றாள். பிறகு, மார்க்கெட் வழியாகப் போகும் பேருந்தில் போனால் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாமே, ஏன் சுற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டாள். அந்த வழியில் கூட்டம் என்று சொன்னது.

செப்டம்பர் 23, திங்கள்

மூன்றாவது தலைப்பு கொடுத்தார்கள். ஒருவருக்கு உதவி தேவை என்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் உதவுவதில்லை? நேரில் கண்ட ஒரு நிகழ்வை வைத்து வாதிட வேண்டும். அக்டோபர் 21க்குள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வீடு முழுக்க ஒட்டடை அடித்தது.

செப்டம்பர் 25, புதன்

பரணில் இருந்த பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்த்தாயிற்று.

செப்டம்பர் 30, திங்கள்

சாலை விபத்தில் அடிபட்டுக் கிடந்தவரை எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள், யாரும் தூக்கவில்லை என்று நான்கு பக்கம் எழுதியது. பலர் நிற்கும் இடத்தில் பொறுப்பு ஆளுக்கு ஆள் பிரிந்து, கடைசியில் யாரிடமும் இல்லாமல் போய்விடுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்தது.

ஜெனிட்டா படித்தாள். "அம்மா, நீ அங்க இருந்தியா?"

"டிவில பார்த்தது."

"நேர்ல பாத்தத எழுதச் சொன்னாங்களே. இருபது வருஷம் ஸ்டேஷன்ல இருந்திருக்க. ஒண்ணுகூடவா பாக்கல?"

அவளைப் போய்ப் படிக்கச் சொன்னது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

விவரம்: வளர்மதி, அப்போது வயது முப்பத்துமூன்று, தையல் தொழில். 2020 பிப்ரவரி மாதம், கணவர் அடிப்பதாக மகளிர் காவல் நிலையத்தில் ஆஜரானார். பேசி அனுப்பப்பட்டார். மறுவாரம் மீண்டும் ஆஜரானார். பேசி அனுப்பப்பட்டார். மார்ச் 2ஆம் தேதி மூன்றாம் முறையாகக் காலை பத்து மணிக்கு வந்து மாலை நான்கு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் விரல் தடம் காணப்பட்டது. கணவர் அழைக்கப்பட்டார். இன்ஸ்பெக்டர் உத்தரவின்படி மனு முடித்துவைக்கப்பட்டது. "இரு தரப்பினரும் சமாதானமாகச் சென்றனர். மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று பதிவேட்டில் எழுதப்பட்டது.

பதினோராவது நாள் கணவர் அவரது கழுத்தை நெரித்து, தையல் மெஷினைத் தூக்கி அவர்மேல் போட்டார். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எழுதப்பட்டதாம். பேனா தானாக எழுதியதா?

நான் எழுதினேன். விரல் தடத்தை நான் பார்த்தேன். அவள் என்னிடம்தான் காட்டினாள், முந்தானையை ஒதுக்கி. இன்ஸ்பெக்டர் அம்மா உள்ளே போனில் இருந்தார். பக்கத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். எல்லோரும் பார்த்தோம். அன்றைக்கு அமைச்சர் வருகை, பந்தோபஸ்துக்குப் போக வேண்டும், நான்கு மணிக்குள் மேஜை காலியாக வேண்டும். "கையெழுத்து போடும்மா, லேட்டாகுது" என்றேன். போட்டாள்.

நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மெஹருன்னிசா மேடத்திடம் நிகழ்வைச் சொன்னேன். யாருக்கு நடந்தது என்று சொன்னேன், யார் எழுதியது என்றும் சொன்னேன். சாக்பீஸ் சுற்றுவது நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

"மார்க்கெட் ஸ்டாப்புல ஒரு பேக்கரி. அங்கதான் வேலை பாக்குறாங்க."

"அவங்ககிட்ட கேட்டீங்களா, இத எழுதலாமான்னு?"

"பேர மாத்திடுறேன் மேடம்."

"பேர மாத்தினா போதுமா? அது அவங்க வாழ்க்கையில நடந்தது. கேக்காம நீங்க எடுத்து எழுதக் கூடாது. நம்ம துறையில முதல் விதியே அதுதான்." பிறகு சொன்னார்: "கஷ்டமா இருந்தா வேற நிகழ்வு எடுத்துக்குங்க. ஒண்ணும் தப்பில்ல."

விபத்துக் கட்டுரை பையில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

மார்க்கெட் பேருந்தில் ஏறினேன். ஸ்டாப் வந்தது. இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

இறங்கினேன்.

பேக்கரியில் மதிய நேரம், கூட்டம் இல்லை. வளர்மதி கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மிக்சர் நிறுத்துக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பொட்டலத்தை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் நூல் சுற்றினாள். நிமிர்ந்து பார்த்தாள். யூனிஃபார்ம் இல்லாததால் அடையாளம் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"என்ன வேணும் ரைட்டரம்மா?"

சொல்லிவிட்டேன். வேலையை விட்டது, படிப்பது, கட்டுரை, தலைப்பு எல்லாவற்றையும். "உன்னைப் பத்தி, இல்ல, நான் செஞ்சதப் பத்தி எழுதணும். நீ சரின்னா எழுதுறேன். வேணாம்னா எழுத மாட்டேன்."

ஒருவர் வந்து கால் கிலோ காராசேவ் கேட்டார். நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"எனக்கு என்னாச்சுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா?"

"வாசல்வரைக்கும் வந்தேன்."

"உள்ள வரல."

"இல்ல."

எச்சில் தட்டுகளை அடுக்கினாள். துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் சொன்னாள்: "எழுதுங்க. ஆனா எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டணும். அன்னைக்கு நீங்க என்ன எழுதினீங்கன்னு எனக்குப் படிச்சுக் காட்டவே இல்ல."

அக்டோபர் 11, வெள்ளி

மூன்று நாளாக இதே வேலை. ஆயுத பூசை விடுமுறை. ஜெனிட்டாதான் சமைக்கிறாள். நேற்று ரசத்தில் உப்பில்லை, அப்படியே சாப்பிட்டோம்.

அக்டோபர் 16, புதன்

பேக்கரிக்குப் பின்னால் மாவு மூட்டை அடுக்கும் இடம். அங்கே இருவரும் உட்கார்ந்தோம். ஏழு பக்கத்தையும் படித்தேன். என் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வளர்மதியின் கண் கலங்கவில்லை.

"இதுல பாதிப் பக்கம் நீங்க அழுவுறீங்க" என்றாள்.

"மனசு கேக்கல."

"அதான் தெரியுதே. படிக்கிறவங்களுக்கு உங்க மேலதான் பாவம் வரும். எனக்கு அது வேணாம். ஏன் உண்மைய எழுதலங்கிறதுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கு, மேலதிகாரி சொன்னாங்கன்னு. அவங்க சொன்னாங்க, சரி. நீங்க ஏன் கேட்டீங்க?"

இதைத்தான் நாற்பத்துச் சொச்சம் பத்திகளில் பழகினேன். மறுத்து ஒருத்தன் என்ன கேட்பான் என்று. இந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அவள் கணவன் மேல் கொலை முயற்சி வழக்கு நடக்கிறது. நான் எழுதிய அந்தப் பக்கத்தைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டுகிறாராம். சமாதானமாகப் போன புருஷன் பெண்டாட்டி, அதற்குப் பிறகு நடந்தது விபத்து, மெஷின் தானாகச் சரிந்தது என்கிறாராம்.

"உங்க கட்டுரைய உங்க மேடம் படிப்பாங்க. ஜட்ஜம்மா எதப் படிப்பாங்க?"

அக்டோபர் 20, ஞாயிறு

அழுகை முழுவதையும் எடுத்துவிட்டேன். மூன்று பக்கம் குறைந்தது.

என் வாதம் இதுதான்: கூட்டத்தில் பொறுப்பு பிரிந்துபோவதால் மட்டும் உதவி நிற்பதில்லை. ஒரு நிறுவனம், உதவாமல் இருப்பதையே வேலையை முடித்த மாதிரி காட்ட ஒரு வாக்கியத்தைத் தருகிறது. அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும், ஒரு வேலையைச் செய்துவிட்ட நிம்மதி எழுதியவருக்கு வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. அன்று பந்தோபஸ்து முடிந்து வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதினேன். அதுதான் என் சான்று. மேலதிகாரி சொன்னதை ஏன் கேட்டேன் என்பதற்கும் அதுவே பதில்: கேட்பது சுலபமாக இருந்தது.

நாளை கொடுக்க வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

இருபத்தொன்று. மொத்தம் நாற்பது.

"நான்காம் பக்கத்தில் இன்னொரு ஆய்வைச் சான்றாகக் காட்டியிருக்கலாம். மற்றபடி வாதம் நிற்கிறது." கோபிகா கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கட்டிக்கொண்டாள். பரீட்சைக்கு உட்காரலாம்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தது.

நவம்பர் 11, திங்கள்

அரசு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். சாட்சி சொல்லத் தயார் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யோசிச்சுத்தான் வந்தீங்களா? பொய்யாப் பதிவு செஞ்சேன்னு நீங்களே ஒத்துக்கணும். உங்க மேலயே நடவடிக்கை வரலாம்" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டே பக்கம்தான் வந்தது.

நவம்பர் 14, வியாழன்

இன்ஸ்பெக்டர் அம்மா போன் செய்தார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. யார் சொன்னார்களோ தெரியாது.

"என்ன சகாயம், பழசெல்லாம் கிண்டுறியாமே?"

"ஆமாம்மா."

"நான் சொல்லித்தான் எழுதினதா சொல்லப் போறியா?"

"நீங்க சொன்னீங்கன்னும் சொல்வேன். நான் எழுதினேன்னும் சொல்வேன்."

"உன் பொண்ணு ப்ளஸ் டூ படிக்குதுல்ல. இந்த நேரத்துல உனக்கு எதுக்குடி இது?"

போனை வைத்துவிட்டேன். ஜெனிட்டா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை உட்கார வைத்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், முட்டிவலி இல்லை என்பது உட்பட. பிறகு, "அவங்க கை சரியாயிடுமா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

பரீட்சைகள் முடிந்தன. சமூக உளவியல் நன்றாக எழுதியிருக்கிறேன். புள்ளியியலைப் பற்றி எதுவும் எழுத விரும்பவில்லை.

என்னைச் சாட்சியாகச் சேர்க்க நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. ஜனவரி 28.

ஜனவரி 28, செவ்வாய்

கூண்டில் எத்தனையோ பேர் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி இவ்வளவு வழுவழுப்பாக இருக்கும் என்று தெரியாது.

வளர்மதி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் எதிர்ப்பக்கம், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். விரல் தடம், பெஞ்சு, நான்கு மணி. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் பதிவேட்டின் நகலோடு எழுந்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"'இரு தரப்பினரும் சமாதானமாகச் சென்றனர்.' இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"அது பொய்னு இப்பச் சொல்றீங்க."

"ஆமாங்க. பொய்."

சிரித்தார். ஜட்ஜம்மா பக்கம் திரும்பிவிட்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு அரசாங்கப் பதிவேட்டுலயே பொய் எழுதினவங்க நீங்க. இன்னைக்குச் சொல்றத மட்டும் நாங்க எப்படிம்மா நம்புறது?"

நல்ல கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கொஞ்சம் யோசித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"அன்னைக்கு எழுதினதால எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல சார். வேலை சீக்கிரம் முடிஞ்சுது. இன்னைக்குச் சொல்றதால எனக்கு நல்லது ஒண்ணும் வரப்போறதில்ல, கெட்டதுதான் வரும். அது தெரிஞ்சும் சொல்றேன். எத நம்பணும்னு நீதிமன்றம் முடிவு பண்ணட்டும்."

ஜட்ஜம்மா டைப்பிஸ்ட்டிடம், "அவங்க சொன்னபடியே போடுங்க" என்றார். டைப் அடித்து முடித்த பிறகு எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு சொல்லையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் வளர்மதி நின்றுகொண்டிருந்தாள். பேக்கரிக்குப் பாதி நாள்தான் லீவு சொல்லியிருந்தாளாம்.

"இதனால மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

தலையாட்டினாள். பைக்குள் கையை விட்டு எதையோ தேடினாள், கிடைக்கவில்லை போல, மூடிவிட்டாள். "அடுத்த வாய்தா மார்ச் நாலு. டாக்டர் சாட்சி. தனியா உக்காந்திருக்க ஒரு மாதிரி இருக்கு. அவன் வீட்டு ஆளுங்க முறைச்சுக்கிட்டே இருப்பாங்க. உங்களுக்கு இனி இங்க வேலையில்ல."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"பத்து."

"ஒன்பதரைக்கே வந்துடுறேன்."